கைக்காசைப் போட்டுக் கடமை செய்தவர்: அட்மிரல் ஃபிட்ஸ்ராயின் பணியும் குடும்பமும்

ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற பெயர் இன்று வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சார்லஸ் டார்வின் உலகைச் சுற்றி வந்த பீகிள் கப்பலுக்கு அவர் கேப்டன். டார்வினின் கதையில் முன்கோபக்காரராகவும் பைபிளை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டவராகவும் வந்து மறைந்துவிடுவார். அந்தச் சித்திரம் பொய்யல்ல, ஆனால் அதில் பாதி மனிதர்தான் இருக்கிறார். 46 ஆண்டுகள் கடற்படை அதிகாரி, நாடாளுமன்ற உறுப்பினர், ஆளுநர், உலகின் முதல் அரசு வானிலை அலுவலகங்களில் ஒன்றின் தலைவர் என்று வாழ்ந்த அவர், இறந்தபோது மனைவிக்கும் சின்ன மகளுக்கும் பிழைக்க வழி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர் சூதாடியதில்லை, ஊதாரியாகத் திரிந்ததுமில்லை. பிரபு குடும்பத்தில் பிறந்து கையில் வந்த சொத்தையெல்லாம் அரசாங்க வேலைக்கே செலவழித்தார். விக்டோரியா காலக் கடற்படை எப்படி இயங்கியது, அதில் ஓர் அதிகாரியின் வீடு எந்த இடத்தில் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள இவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்தக் கடற்படையின் அமைப்பு. 1815-இல் நெப்போலியப் போர் முடிந்ததும் பிரிட்டன் தன் போர்க்கப்பல்களில் பெரும்பகுதியை ஓரங்கட்டியது. கப்பல்களைக் குறைத்த அரசு அதிகாரிகளைக் குறைக்கவில்லை. அவர்கள் பட்டியலில் அப்படியே இருந்தார்கள், பணி கிடைக்காத காலத்தில் அரைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கரையில் காத்திருந்தார்கள். லெப்டினன்ட் ஆவதற்குத் தேர்வு உண்டு. ஆனால் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, கப்பலில் இடம் வாங்கித் தர ஆள் வேண்டும். கமாண்டர், கேப்டன் என்று ஏறுவதற்கும் அப்படித்தான். கேப்டன் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் மட்டும் நிலைமை தலைகீழாக மாறிவிடும். அதன்பின் யாரும் முந்த முடியாது. மேலே இருப்பவர்கள் இறக்க இறக்கக் கீழே இருப்பவர் தானாக நகர்ந்து ஒருநாள் அட்மிரல் ஆகிவிடுவார், இடையில் கடலுக்கே போகாவிட்டாலும். ஆகவே இளைஞனாக இருக்கும்போதே எவ்வளவு விரைவில் கேப்டன் ஆகிறான் என்பதில்தான் ஒருவனின் எதிர்காலம் இருந்தது. அதைத் தீர்மானித்தவை திறமையும் சிபாரிசும்.

ஃபிட்ஸ்ராய்க்கு இரண்டும் வாய்த்தன. 1805 ஜூலை 5 அன்று சஃபோக் மாவட்டத்தின் ஆம்ப்டன் மாளிகையில் பிறந்தவர். தந்தைவழியில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் வழித்தோன்றல். பாட்டனார் மூன்றாம் கிராஃப்டன் கோமகன் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். தாய் லேடி ஃபிரான்சஸ், லண்டன்டெரி பிரபுவின் மகள். பையனுக்கு ஐந்து வயதாகும்போதே தாய் இறந்துவிட்டார். தாய்மாமன் காசல்ரே, நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவை வடிவமைத்த வெளியுறவு அமைச்சர். 1822-இல் மனம் பேதலித்துத் தற்கொலை செய்துகொண்டார். அப்போது ஃபிட்ஸ்ராய்க்கு 17 வயது. அந்தச் சாவின் நிழல் கடைசிவரை அவரை விடவில்லை. தாய்வழி ரத்தத்தில் அந்த நோய் தமக்கும் வந்திருக்கிறதோ என்ற அச்சத்தை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

படிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1824-இல் லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார், அதுவரை யாரும் அப்படி வாங்கியதில்லை. நான்கு ஆண்டுகளில், தென்னமெரிக்கக் கடற்பகுதித் தளபதி ஆட்வே அவரைத் தம் கொடிக்கப்பலில் வைத்திருந்தபோது, எதிர்பாராத ஒரு காலியிடம் வந்தது. தென்னமெரிக்காவின் தென்முனையிலுள்ள மெகல்லன் நீரிணையை அளந்துகொண்டிருந்த பீகிளின் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், அந்தக் குளிரும் தனிமையும் தாங்காமல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அந்தக் கப்பலை அப்போதே நடத்திவந்த ஸ்கைரிங் என்ற லெப்டினன்டுக்குத்தான் நியாயமாக அந்தப் பதவி போயிருக்க வேண்டும். அந்தக் கடலை அறிந்தவர் அவர். ஆட்வே 23 வயது ஃபிட்ஸ்ராயைத் தேர்ந்தெடுத்தார்.

சிபாரிசில் வந்த பதவிக்குத் தாம் தகுதியானவர் என்று நிரூபிக்க வேண்டும் என்ற தவிப்பு அவருடைய எல்லாச் செயல்களிலும் தெரிகிறது. பதவியேற்ற சில வாரங்களில், 1829 ஜனவரி இறுதியில், மால்டொனாடோ அருகே பீகிளைப் பம்பேரோ என்னும் திடீர்ச் சூறைக்காற்று தாக்கியது. தென்னமெரிக்கப் புல்வெளிகளின் மேலிருந்து கடலை நோக்கிப் பாயும் காற்று அது. அதற்கு முன்பே, காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானியில் பாதரசம் கீழே இறங்கியிருந்தது, புயல் வருவதற்கான அடையாளம் அது. வானத்திலும் அறிகுறிகள் இருந்தன. இளம் கேப்டன் பாய்களை உரிய நேரத்தில் சுருட்டச் சொல்லவில்லை. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, மேற்பாய்மரங்கள் முறிந்து, மேலே நின்றிருந்த இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து இறந்தார்கள். கடற்படை அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் பாரமானியை அவர் அலட்சியம் செய்ததே இல்லை.

அந்தப் பயணத்தில்தான் அவருடைய முதல் பெருஞ்செலவும் தொடங்கியது. அந்த நீரிணைக்குத் தெற்கே உள்ள டியெரா டெல் ஃபியூகோ தீவுக்காரர்கள் கப்பலின் படகு ஒன்றைத் திருடிக்கொண்டு போனதால் சிலரைப் பிணையாகப் பிடித்தார். பிறகு அவர்களில் நான்கு பேரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் படிப்பித்துத் திருப்பி அனுப்பலாம் என்று தாமாகவே முடிவு செய்தார். ஒருவர் பிளிமவுத் மருத்துவமனையில் அம்மைநோயில் இறந்தார். மற்ற மூவர், ஜெம்மி பட்டன், யார்க் மின்ஸ்டர், ஃபியூஜியா பாஸ்கெட் என்று கப்பலில் பெயரிடப்பட்டவர்கள், லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் பள்ளிக்குச் சென்றார்கள், மன்னரையும் அரசியையும் பார்த்தார்கள். பிறர் மண்ணில் புகுந்து மனிதர்களைத் தூக்கிவந்து சீர்திருத்தலாம் என்ற அந்த எண்ணத்தையே நான் ஏற்கவில்லை. ஆனால் திருப்பிக் கொண்டுபோய் விடுவேன் என்று சொன்ன சொல்லை அவர் எப்படிக் காத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். கடற்படைத் தலைமையகம் மறுபடி கப்பல் அனுப்பப் போவதில்லை என்று தெரிந்ததும், ஒரு சிறு வணிகக் கப்பலைத் தம் சொந்தப் பணத்தில் 1,000 பவுண்டுக்குப் பேசி முடித்தார். அதன்பிறகு கோமகனான பெரியப்பா ஒருவர் தலையிட்டதால் பீகிளே மீண்டும் புறப்படும் என்றாயிற்று. ஒப்பந்தத்தை முறிக்க முடியாமல் அந்த 1,000 பவுண்டில் பெரும்பகுதியைக் கப்பல்காரருக்குக் கொடுத்தே தீர வேண்டியதாயிற்று.

1831 டிசம்பர் 27 அன்று பிளிமவுத்திலிருந்து புறப்பட்ட பீகிள் 90 அடி நீளமே உள்ள சிறு கப்பல். உள்ளே ஏறத்தாழ 400 புத்தகங்கள், தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் துல்லியக் கடிகாரங்களான க்ரோனோமீட்டர்கள் 22. அவற்றில் 6 கடிகாரங்கள் கேப்டனுடைய சொந்தச் சொத்து. அரசு கொடுத்தது 11, மீதி கடனாக வந்தவை. கடிகாரங்களைக் கவனித்துக்கொள்ளவென்றே ஸ்டெபிங் என்ற கருவி வல்லுநரைத் தம் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டார், ஓவியருக்கும் தாமே கொடுத்தார். உரையாட ஒரு துணை வேண்டும் என்று தேடி டார்வினை அழைத்ததிலும் அவருக்கு ஒரு காரணம் இருந்தது: கேப்டன் கீழ்நிலை அதிகாரிகளோடு சமமாகப் பழகக்கூடாது என்பது கடற்படை மரபு. அந்தத் தனிமை ஸ்டோக்ஸை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும்.

தென்னமெரிக்கக் கரையின் சிக்கலை நேரில் பார்த்ததும், ஒரு கப்பலால் இந்த வேலை முடியாது என்று தீர்மானித்தார். மேலிடத்தைக் கேட்காமலே 1832-இல் இரண்டு சிறு பாய்க்கப்பல்களை மாதம் 140 பவுண்டு வாடகைக்கு எடுத்தார். அடுத்த ஆண்டு ஃபாக்லாந்துத் தீவுகளில் ஒரு ஸ்கூனர் கப்பலை ஏறத்தாழ 1,300 பவுண்டு கொடுத்து வாங்கிச் செப்பனிட்டு அட்வெஞ்சர் என்று பெயர் வைத்தார். பிறகுதான் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் வருவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. வந்த பதில், கடற்படைத் தலைமையகப் பெரியோர்கள் இதை வன்மையாக ஏற்கவில்லை, வாங்கியதை விற்றுவிடவும் என்பது. அரசிடமிருந்து ஒரு பென்னியும் வரவில்லை.

1834 இறுதியில் வால்பரைசோ துறைமுகத்தில் அட்வெஞ்சரை விற்றபோது ஃபிட்ஸ்ராய் உடைந்துபோனார். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தமக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நம்பினார். கப்பல் தலைமையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மாமனின் முடிவு தமக்கும் வரும் என்ற அச்சத்தை அப்போது அவர் மறைக்கவில்லை என்பதை டார்வின் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அறிகிறோம். லெப்டினன்ட் விக்ஹாம் அவரிடம் பக்குவமாகப் பேசினார். எல்லாக் கரையையும் அளந்து முடிக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை, நேரம் இருக்கும்வரை செய்தால் போதும் என்று உத்தரவின் வாசகத்தையே காட்டித் தேற்றினார். தலைமையை விட்டுக்கொடுத்தால் அந்த இடம் விக்ஹாமுக்குத்தான் வரும். அதை வேண்டாம் என்று தள்ளிய அந்த லெப்டினன்டைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டும் என்பேன். இதில் வேதனை என்னவென்றால், அதுவரை கமாண்டர் பதவிநிலையிலேயே கப்பலை நடத்திவந்த ஃபிட்ஸ்ராயை அதே டிசம்பரில் லண்டனில் கேப்டனாகப் பதவி உயர்த்திக் கையெழுத்திட்டிருந்தார்கள். கடிதம் வந்து சேரத்தான் மாதங்கள் ஆயின.

1836 அக்டோபர் 2 அன்று பீகிள் ஃபால்மவுத் வந்து சேர்ந்தது. உலகைச் சுற்றி அளந்த நேர வேறுபாடுகளையெல்லாம் கூட்டினால் சரியாக 24 மணி நேரம் வர வேண்டும். வந்த பிழை 33 விநாடிகள். சொந்தக் காசில் வாங்கிய கடிகாரங்களும், தம் சம்பளத்தில் வைத்த வல்லுநரும் அந்தத் துல்லியத்துக்குள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்த இரண்டே மாதங்களில் திருமணம். மணமகள் மேரி ஹென்ரியட்டா ஓபிரையன், ஒரு மேஜர் ஜெனரலின் மகள். ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் உண்ட டார்வினுக்கே செய்தி வியப்பாக இருந்தது. கேப்டன் ஒரு பெண்ணை மனதில் வைத்திருக்கிறார் என்பதற்கு ஓர் அறிகுறிகூட அதுவரை இல்லை. மேரி ஆழ்ந்த பக்தி உடையவர். பயணத்தின்போது பூமியின் வயதைப் பற்றித் திறந்த மனதோடு யோசித்த ஃபிட்ஸ்ராய், 1839-இல் வெளியிட்ட பயண நூலில் நோவாவின் பெருவெள்ளம் உண்மையே என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினார். மனைவியின் செல்வாக்கால்தான் அது நடந்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அரைகுறையான விளக்கமாகப் படுகிறது. தம் மனம் எந்நேரமும் நழுவிவிடலாம் என்று பயந்த ஒருவருக்கு அசையாத ஒன்று தேவைப்பட்டது. மேரி கொண்டுவந்த வீட்டில் அது இருந்தது. எமிலி, ஃபேனி, கேத்தரின் என்று மூன்று பெண்கள், ராபர்ட் என்று ஒரு மகன்.

கரையில் இருந்த காலத்தை அவர் அரைச் சம்பளத்தோடு சும்மா கழிக்கவில்லை. 1841-இல் டர்ஹம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். வணிகக் கப்பல்களின் தலைவர்களுக்கும் துணைத் தலைவர்களுக்கும் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னாளில் அது சட்டமாயிற்று.

1843-இல் நியூசிலாந்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். மனைவி குழந்தைகளோடு அந்த டிசம்பரில் ஆக்லாந்து போய் இறங்கினார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது வைராவு விவகாரம். உரிமை தீராத நிலத்தை அளக்கப் போன குடியேறிகளுக்கும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கும் நடந்த மோதலில் 22 ஐரோப்பியர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களில் ஆர்தர் வேக்ஃபீல்ட் என்ற கடற்படைக் கேப்டனும் ஒருவர். சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. பழிவாங்க வேண்டும் என்று குடியேறிகள் துடித்தார்கள். 1844 பிப்ரவரியில் ஃபிட்ஸ்ராய் வைகனாயே என்ற இடத்துக்கு நேரில் போய், மாவோரித் தலைவர் தெ ரவுபராஹாவின் வாக்குமூலத்தைக் கேட்டார். பிறகு எல்லார் முன்னிலையிலும் தீர்ப்புச் சொன்னார்: முதல் தவறு வெள்ளையர் மேல்தான். அவர்களுக்கு அந்த நிலத்தை அளக்க உரிமை இல்லை. சரணடைந்தவர்களைக் கொன்றது கொடிய குற்றம், ஆனாலும் நான் பழிவாங்கப் போவதில்லை.

நீதியான தீர்ப்பு அது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க அவர் கையில் எதுவும் இல்லை. படை கைப்பிடி அளவு, கஜானா காலி. செலவுக்கு வழியில்லாமல் லண்டனின் அனுமதியின்றிக் கடன் பத்திரங்களை அச்சிட்டார். சுங்க வரியை ஒழித்தார், பிறகு மீண்டும் கொண்டுவந்தார். குடியேறிகள் அவர் உருவ பொம்மையை எரிக்கும் அளவுக்கு வெறுத்தார்கள். ஹோனே ஹெகே என்ற மாவோரித் தலைவர் கொரொராரெகாவில் பிரிட்டிஷ் கொடிமரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிச் சாய்த்தார். 1845 மார்ச்சில் அந்த ஊரே எரிந்தது. அவ்வாண்டே ஃபிட்ஸ்ராயைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அட்வெஞ்சர் விவகாரத்தின் அதே வடிவம் இங்கேயும் தெரிகிறது: கண்முன் தேவை ஒன்று நிற்கும். அனுமதி பல மாதத் தொலைவில் இருக்கும். அவர் காத்திருக்காமல் செய்துவிடுவார். கண்டனம் பின்னால் வரும்.

திரும்பும் வழியில், 1846-இல், குடும்பத்தோடு பயணியாக வந்த வணிகக் கப்பல் மெகல்லன் நீரிணையில் நங்கூரமிட்டு நின்றது. அமைதியான இரவு. பதவி போய், பெயர் கெட்டு, யாருக்கும் உத்தரவிடும் உரிமை இல்லாமல் இருந்த அவர், பழக்கத்தால் பாரமானியைப் பார்த்தார். பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் தலைவரிடம் போய் இரண்டாவது நங்கூரத்தையும் இறக்கச் சொல்லி வற்புறுத்தினார். இறக்கினார்கள். விடிவதற்குள் கடும்புயல் வந்து தாக்கியது. பாறைகள் நிறைந்த அந்தக் குறுகிய நீர்வழியில் கப்பல் தப்பியது. 17 ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாலுமிகளைப் பலிகொடுத்துக் கற்ற பாடம், அன்றிரவு அவர் மனைவியையும் குழந்தைகளையும் காப்பாற்றியது.

அதன்பின் கடற்படைப் பணி விரைவிலேயே முடிந்துவிட்டது. உல்விச் கப்பல்துறையில் மேற்பார்வை, பிறகு 1849-இல் அரோகன்ட் என்ற திருகு விசிறி பொருத்திய புதுவகைப் போர்க்கப்பலின் தலைமை. அடுத்த ஆண்டே உடல்நலக் குறைவையும் சொந்த விவகாரங்களையும் காரணம் காட்டி விலகிக்கொண்டார். பணத் தொல்லை அப்போதே தொடங்கியிருந்தது. 1852-இல் மேரி இறந்தார். நான்கு பிள்ளைகளோடு தனியாக நின்றவருக்கு உறவே மறுபடி கைகொடுத்தது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து திரும்பித் தரைப்படைத் தலைமைத் தளபதியாகியிருந்த ஹார்டிஞ்ச் பிரபு அவருக்குச் சித்தப்பா முறை. தம் அந்தரங்கச் செயலாளராக வைத்துக்கொண்டார். 1854-இல் ஃபிட்ஸ்ராய் தம் உறவினரான மரியா ஸ்மித்தை மணந்தார். இவர்களுக்கு லாரா என்று ஒரு மகள் பிறந்தாள். மூத்தவள் எமிலி இளவயதிலேயே இறந்துபோனாள்.

அதே 1854-இல் பிரிட்டிஷ் அரசின் வர்த்தக வாரியத்தில் வானிலைப் புள்ளிவிவரம் திரட்ட ஒரு சிறு துறை தொடங்கி, அதற்கு அவரைத் தலைவராக்கினார்கள். அவருக்குக் கீழே சில எழுத்தர்கள். வேலை, கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து காற்று, வெப்பம், அழுத்தம் ஆகிய பதிவுகளைத் திரட்டி அட்டவணையாக்குவது. அவ்வளவுதான் உத்தரவு. ஆனால் மீன்பிடிக் கிராமங்களில் பாரமானி வாங்க வசதியில்லாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. எளிமையான, உறுதியான பாரமானி ஒன்றை வடிவமைத்து ஏழைத் துறைகளுக்கு இரவலாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். படிப்பறிவு குறைந்த மீனவரும் புரிந்துகொள்ளும்படி குறிப்புகள் எழுதினார். அந்தப் பாரமானிகளில் சில இன்றும் பிரிட்டிஷ் துறைமுகச் சுவர்களில் இருக்கின்றன.

வாரியத்தின் கடல்சார் பிரிவில் தலைமைக் கடற்படை அதிகாரி பதவி காலியானபோது தமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். அது பார்த்தலமியூ சுலிவனுக்குப் போயிற்று. பீகிளில் இவருக்குக் கீழே லெப்டினன்டாக இருந்தவர் சுலிவன். வலித்திருக்கும். ஆனால் இருவருக்குமிடையே நட்பு முறியவில்லை, அது பின்னால் முக்கியமாகிறது.

1859 அக்டோபர் 26 அதிகாலையில், மெல்போர்னிலிருந்து தங்கத்தோடும் பயணிகளோடும் லிவர்பூல் நோக்கி வந்த ராயல் சார்ட்டர் கப்பல் ஆங்கிள்சி தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். அதே புயலில் பிரிட்டிஷ் கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. ஃபிட்ஸ்ராய் எல்லாத் துறைகளின் பதிவுகளையும் வரவழைத்து, புயல் மணிக்கு மணி எங்கே இருந்தது என்று வரைபடத்தில் குறித்தார். அது திடீரென்று வந்ததல்ல, பல மணி நேரம் நகர்ந்து வந்தது என்பது தெளிவாயிற்று. புயலைவிடத் தந்தி வேகமாகப் போகும். அப்படியானால் ஒரு துறையில் காற்று மாறியதும் அடுத்த துறைக்குச் சொல்லிவிடலாமே. வாரியம் 1860-இல் சம்மதித்தது. 1861 பிப்ரவரியில் முதல் புயல் எச்சரிக்கை போயிற்று.

கரையோரத்தில் எல்லாரும் தந்தியைப் படிக்க முடியாது, கடலில் நிற்கும் படகுக்குத் தந்தி போகாது. ஆகவே கம்பத்தில் ஏற்றும் கூண்டுகளைக் கொண்டுவந்தார். கறுப்புக் கித்தானால் ஆன, மூன்றடி உயரக் கூம்பு வடிவக் கூண்டு ஒன்று, உருளை வடிவக் கூண்டு ஒன்று. கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து பெருங்காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. உருளை மட்டும் ஏறினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் பெரும் ஆபத்து. இரவில் அதே வடிவங்களை விளக்குகளால் காட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று மழைக்காலத்தில் செய்தி பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. 1864 அக்டோபர் புயலில் கல்கத்தாவில் பல்லாயிரம் பேர் இறந்த பிறகு, 1865-இல் அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. பிறகு இந்தியக் கரை முழுவதும் பரவி, இன்று 1 முதல் 11 வரை எண்ணிட்ட கூண்டுகளாக இருக்கிறது. கூம்பும் உருளையும் மாறவில்லை.

எச்சரிக்கையோடு அவர் நிற்கவில்லை. 1861 ஆகஸ்ட் 1 முதல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் அடுத்த இரண்டு நாள் வானிலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார். இதற்கும் யாரும் உத்தரவிடவில்லை. மக்கள் மிகவும் விரும்பினார்கள். விக்டோரியா அரசியே வைட் தீவுக்குக் கடலைக் கடக்குமுன் இவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டதுண்டு. ஆனால் கணிப்பு தவறும் நாட்களில் கேலி வந்தது. காலையில் ஒரு சில நிலையங்களிலிருந்து வரும் தந்திகளை வைத்து, அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றை எப்படி முழுதாக அறிய முடியும்? அந்தக் குறையை அவரே அறிவார். விஞ்ஞானிகளின் புகார் வேறு: பின்னணியில் கோட்பாடு இல்லை, அனுபவ ஊகத்தை அறிவியல் என்கிறார் என்றார்கள். வெறும் தர்க்கமாகப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. கோட்பாடு முழுமையாகும்வரை எத்தனை படகுகளைக் கடலுக்கு விடுவது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. முன்கணிப்பைப் பதிப்பித்த டைம்ஸே 1864-இல், தவறுகளுக்கு எங்களைப் பொறுப்பாக்க வேண்டாம் என்று கைகழுவிக்கொண்டது.

இதற்கிடையில் பரிணாமத்தைப் பற்றிய டார்வினின் நூல் வேறு வந்திருந்தது. 1860 ஜூனில் அதைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தின்போது ஃபிட்ஸ்ராய் பைபிளை உயர்த்திப் பிடித்து மன்றாடினார். பிரிட்டிஷ் புயல்களைப் பற்றிய கட்டுரை வாசிக்க அங்கே போனவர் அவர் என்பதைச் சொல்வோர் குறைவு. அந்த நூலுக்கான தரவுகள் தம் கப்பலில் சேர்ந்தவை என்ற எண்ணம் அவரை வாட்டியது.

கேப்டன் பட்டியல் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. 1850-க்குப் பிறகு கடலுக்கே போகாதவர் 1857-இல் ரியர் அட்மிரல், 1863-இல் வைஸ் அட்மிரல். பட்டம் ஏறியது, பணம் ஏறவில்லை. காது மந்தமாயிற்று. தூக்கம் போயிற்று. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். குடும்பத்தை லண்டனுக்குத் தெற்கே அப்பர் நார்வுட்டுக்கு மாற்றினார். ஆனால் ஓய்வு நாளிலும் அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிடுவார். 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து, மகள் லாராவின் அறைக்குப் போய் அவளுக்கு முத்தம் கொடுத்தார். பிறகு தம் உடைமாற்றும் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு உயிரை முடித்துக்கொண்டார். வயது 59.

அதன்பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. அவருடைய சொத்து முழுவதும், ஏறத்தாழ 6,000 பவுண்டு, பொதுப்பணிக்கே போயிருந்தது. மரியாவும் லாராவும் நடுத்தெருவில் நிற்க வேண்டிய நிலை. பதவியில் தம்மை முந்திய சுலிவன்தான் முன்வந்து நிதி திரட்டினார். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார். நெருக்குதலுக்குப் பிறகு அரசாங்கம் 3,000 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தது, அதாவது அவர் அரசுக்காகச் செலவழித்ததில் பாதி. அரசி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தங்கிக்கொள்ள இடம் கொடுத்தார். இதைப் பலர் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். அரசி செய்தது பெருந்தன்மைதான். அரசாங்கம் கொடுத்தது வாங்கிய கடனில் பாதி, அதுவும் கடன் கொடுத்தவர் செத்தபிறகு.

அவருடைய வானிலைத் துறையை ஆராய ஃபிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் குழு போட்டார்கள். முன்கணிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது அறிக்கை. நாளிதழ் முன்கணிப்பு நின்றது, 1866 டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது. லண்டன் அறிஞர்கள் அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்திருக்கலாம். துறைமுகங்கள் அப்படி நினைக்கவில்லை. கூண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கப்பல்காரர்களும் கரையோர ஊர்களும் வாரியத்தை நச்சரித்தார்கள். ஓராண்டுக்குள், 1867 இறுதியில், எச்சரிக்கை மீண்டும் தொடங்கியது. நாளிதழ் முன்கணிப்புக்கு மக்கள் 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேரியின் மகன் ராபர்ட் அதே கடற்படையில் சேர்ந்து, படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, தந்தையைப் போலவே வைஸ் அட்மிரல் ஆனார்.